பினாங்கில் ஒரு வளர்பிறை

மலேசியத் தைப்பூசம் என்றதும் நம் ஊரில் எல்லோர் நினைவுக்கும் வருவது பத்துமலைதான். 2006-இல் எழுப்பப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும், அதன் பக்கத்திலிருந்து குகைக்கு ஏறும் 272 படிகளும் நாள்காட்டியிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போனவை. கோலாலம்பூரில் இறங்குவது, இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுப்பது, பத்துமலைக்குப் போவது, கெந்திங் மலைவாசத்தலத்தில் ஒரு நாள் தங்கித் திரும்புவது என்று அந்தப் பயணமும் ஏறக்குறைய அச்சடித்தாற்போல் ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தயாராக இருப்பவர்கள் வடமேற்கே பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும் என்பேன். அதிலும் சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் ஒரே வளர்பிறைக்குள் வந்து விழுகிற ஆண்டாகப் பார்த்துப் போக வேண்டும்.

2025 அப்படிப்பட்ட ஆண்டு. நம்முடைய தை அமாவாசையும் சீனப் புத்தாண்டும் ஜனவரி 29 என்ற ஒரே நாளில் வந்தன. பிறை வளர வளர, புத்தாண்டின் ஒன்பதாம் நாளில், ஃபூஜியான் கரையிலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்களின் விண்ணரசர் வழிபாடு; பிப்ரவரி 11-இல் தைப்பூசம்; மறுநாள், புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சப் கோ மே. சீனர்களுக்கு அமாவாசையில் மாதம் பிறக்கிறது. நாம் மாதத்தைச் சூரியனைக் கொண்டும், திதியையும் நட்சத்திரத்தையும் சந்திரனைக் கொண்டும் கணக்கிடுகிறோம். இரண்டு கணக்குகளும் எங்காவது ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அவை ஒட்டிக்கொள்வதைத் தெருவில் நின்று கண்ணால் பார்க்கவும், இலையிலும் தட்டிலும் வாங்கிச் சாப்பிடவும் கிடைக்கிற ஊர்கள் மிகக் குறைவு.

போவது இப்போது எளிது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் முப்பது நாள் வரை விசா தேவையில்லை என்று மலேசியா அறிவித்திருக்கிறது; புறப்படுமுன் இணையத்தில் ஒரு வருகைப் படிவத்தை நிரப்பினால் போதும். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் 2024 டிசம்பரில் தொடங்கிவிட்டது. இருந்தாலும் நான் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்து, அங்கிருந்து படகில் தீவுக்குப் போனேன். ஜார்ஜ் டவுன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊர்; அதை அதன் முகத்தின் பக்கமாக நெருங்குவதுதான் முறை. 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே இறங்கியதும், அதற்குப் பின் வந்த சோழமண்டலக் கரை வணிகர்களும் தொழிலாளர்களும் இறங்கியதும் இந்தப் பக்கம்தான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ரஜூலா கப்பல் பல ஆண்டுகள் நம்மவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே நீரிணை வழியாகத்தான். படகின் மேல்தளத்திலிருந்து வடக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கெடாவின் ஜெராய் மலை தெரியும். ராஜேந்திர சோழனின் கடாரம் அந்த மலையடிவாரப் பகுதி என்பதும், அந்தப் படையெடுப்பு நடந்தது 1025-இல் என்பதும், நான் போனது சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து என்பதும் எனக்கு அந்தப் படகில் நின்றபோதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்றிருந்த கல்லூரி மாணவர்களுக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை; அவர்கள் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள்.

பையோடு வருபவர்கள் தங்குவதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கின்றன சூலியா தெருவும் அதை ஒட்டிய லவ் லேனும். பழைய கடைவீடுகள் பலவற்றைக் கூட்டுப் படுக்கை விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போனால் வீடு நீண்டுகொண்டே போகும். நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்றிலிருந்து வெளிச்சமும் மழையும் இறங்கும். காரைக்குடிப் பக்கம் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டுக்குள் வழி கேட்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் கூரையோடு கூடிய ஐந்தடி நடைவழி உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கித் தெரு முழுவதையும் அதிலேயே நடந்து கடந்துவிடலாம், கடைக்காரர்கள் அதில் மோட்டார் சைக்கிளையும் சாமான்களையும் அடுக்கி வைக்காமல் இருந்தால்.

இந்த வீடுகள் பிழைத்து நிற்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மலேசியாவில் பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. உரிமையாளருக்கு இடித்துக் கட்டவும் வழியில்லை, குடியிருப்பவருக்கு வெளியேறவும் அவசியமில்லை. அந்தச் சட்டத்தை 1997-இல் நீக்கி, 2000-இன் தொடக்கத்திலிருந்து கட்டுப்பாட்டை விலக்கினார்கள். தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்கள் பல நகரத்தின் நடுப்பகுதியைவிட்டுப் போக நேர்ந்தது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். நான் படுத்திருந்த விடுதியும் அப்படி ஒரு குடும்பம் காலி செய்த வீடாக இருக்கலாம். பையோடு போகிறவர்களாகிய நாம் இந்தக் கணக்கில் முழுக்க வெளியே நிற்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக்கு இடத்தைவிட நேரம் முக்கியம். காலையில் கிடைப்பது பகலில் கிடைக்காது. பகலில் பூட்டிக் கிடக்கும் தெருவோரம் மாலை ஆறு மணிக்குமேல் தள்ளுவண்டிகளால் நிரம்பிவிடும். இங்குள்ள தமிழர்கள் காலை உணவைப் ‘பசியாறல்’ என்பார்கள். “பசியாறிட்டீங்களா?” என்று யாராவது கேட்டால் அது முகமன் மட்டும் இல்லை, இல்லையென்று சொன்னால் பக்கத்து மேசையில் இடம்போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பரோட்டா போன்ற ரொட்டி சானாய், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரிக் ஆகியவற்றைச் சுற்றி எல்லா இனத்தவரும் ஒரே கடையில் உட்கார்ந்து பசியாறும் மலேசிய வழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொத்துமல்லி வாசம் வீசும் பருப்புக் குழம்பில் ரொட்டியைக் கிழித்துப் போட்டுச் சாப்பிடுகிற மலாய்க்காரரிடம் இதைச் சொன்னபோது, பட்டியலில் சேர்த்தால் விலையேறிவிடுமோ என்றுதான் அவர் கவலைப்பட்டார்.

பகலுக்கு நாசி கண்டார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பினாங்கை ஒரே தட்டில் வைத்துக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட முடியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குச் சோறு விற்க, தமிழ் முஸ்லிம்கள் தோளில் ஒரு தடியை வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புச் சட்டிகளுமாகத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். அந்தத் தடிக்குத்தான் கண்டார் என்று பெயர். நாலு நாள் கழித்து, தைப்பூசக் கோயில்களுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில் தோளில் காவடி வைத்து ஆடியவர்களைப் பார்த்தபோது, இந்தச் சோறும் அந்த வேண்டுதலும் ஒரே வகையான தடியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று தோன்றியது. இன்று யாரும் தோளில் சுமப்பதில்லை. 1907-இல் தொடங்கிய கேம்பல் தெரு ஹமீதியாவிலும், பினாங்கு சாலையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்தில் இயங்கும் லைன் கிளியரிலும், பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத எத்தனையோ கடைகளிலும் நீண்ட வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும்.

வரிசை நகர்ந்து முன்னால் வந்ததும் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தட்டில் சோறு விழுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் பொரித்த கோழி, கருஞ்சிவப்பு மாட்டிறைச்சி, மஞ்சள் குழம்பில் கிடக்கும் கணவாய், உள்ளங்கை நீள மீன் சினை, முழுசாக வெந்த வெண்டைக்காய், முட்டைக்கோஸ், அவித்த முட்டை. கைகாட்டினால் போதும். பிறகுதான் கேள்வி வரும்.

“அண்ணே, குழம்பு கலந்து ஊத்தவா, தனியாவா?”

“கலந்தே ஊத்துங்க பாய்.”

“வெள்ளமா ஊத்திரவா?”

தலையை ஆட்டினேன். அவர் கரண்டியை மீன் குழம்பில் ஒரு முறை, கோழிக் குழம்பில் ஒரு முறை, இறைச்சிக் குழம்பில் ஒரு முறை என்று மேலோட்டமாக முக்கி, ஒவ்வொன்றையும் சோற்றின் வேறுவேறு இடத்தில் விட்டார். கடைசியில் தால்ச்சாவை மட்டும் ஓரத்தில் சுற்றி ஊற்றினார். கரண்டி எந்தச் சட்டியிலும் அரை நொடிக்கு மேல் நிற்கவில்லை. தட்டைப் பார்த்தே கணக்குப் போட்டு, மலாயில் விலையைக் கத்திவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். எந்தக் குழம்பையும் தனியாக எடுத்து ருசித்தால் நம் ஊர் பாய் கடையில் கிடைப்பதைவிட மேலானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து குழம்புகளும் தட்டின் நடுவில் ஒன்றோடொன்று கலக்கிற இடத்தில் உண்டாகும் சுவை கடையநல்லூரிலும் கிடையாது, ராமநாதபுரத்திலும் கிடையாது. இந்தக் கடைகளை நடத்துபவர்களின் முன்னோர்கள் பலர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். சமையல் மட்டும் கடல் தாண்டியபின் வேறு ஆளாகிவிட்டது. சீனக் குடும்பங்களும் மலாய் அலுவலர்களும் இதற்காக வெயிலில் நிற்பதைப் பார்த்தால், இது அவர்களுடைய சாப்பாடு என்பதில் அவர்களுக்கு எந்த ஐயமும் இல்லை என்பது தெரியும்.

மாலையில் அசாம் லக்சா. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் அதற்குப் பேர் பெற்றது. தேங்காய்ப்பால் இல்லாமல், கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்துப் புளிப்பேற்றிய கெட்டியான சாறு; அதில் தடித்த அரிசி நூடுல்ஸ்; மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, மெல்லியதாகச் சீவிய காட்டு இஞ்சிப் பூ. கடைசியாக ஒரு கரண்டி கருமையான இறால் விழுது. முதல் வாயில் புளிப்பு, அடுத்ததில் மீன், அதற்குப் பிறகுதான் பூவின் மணம் எட்டிப்பார்க்கும். புளியில் மீனைப் போட்டு வளர்ந்த நாக்குக்கு இது அந்நியம் இல்லை. அன்னாசிதான் கொஞ்ச நேரம் தயங்க வைக்கும்.

சார் குவே தியாவ் இரவுக்கு. கரியடுப்பில் இரும்பு வாணலி, ஒரு கையில் விசிறி, மறு கையில் கரண்டி. மட்டியும் இறாலும் பயறுமுளையும் பூண்டுத்தாளும் பட்டை நூடுல்ஸோடு புரண்டு, விரும்பினால் வாத்து முட்டையும் உடைத்துச் சேர்க்கப்பட்டு, தீ தொட்ட வாசத்தோடு தட்டுக்கு வரும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நல்ல கடைக்காரர் ஒரு வாணலியில் இரண்டு மூன்று தட்டுக்கு மேல் போடமாட்டார். ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சீனர் கடைகளில் இது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான் வதக்கப்படுகிறது, சீன சாசேஜும் சேர்வதுண்டு. வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளலாம், முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் இருக்கின்றன. சைவர்களுக்குக் கடைத்தெருப் பக்கத்துச் சின்ன இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு உண்டு. அது போக, பௌத்தச் சீனர்களின் சைவக் கடைகளைத் தேடிப் போனால், நாம் கண்டிராத வகைவகையான காளானும் சோயாவும் தட்டில் வரும்.

சுவரோவியங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் வரைந்த, மிதிவண்டியில் போகும் இரண்டு குழந்தைகளின் படம் அழகுதான். அதன் முன்னால் படமெடுக்க நிற்கும் வரிசை நாசி கண்டார் வரிசையைவிட நீளமாக இருந்ததால் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கொடிமலைக்கு ஏறும் ரயிலும் கெக் லோக் சி என்ற சீன பௌத்தக் கோயிலும் பார்க்க வேண்டியவை. புத்தாண்டுக் காலத்தில் அந்தக் கோயிலை மலைச்சரிவு முழுக்க விளக்குகளால் அலங்கரித்திருப்பார்கள் என்பதால் இருட்டியபின் போவது மேல்.

நான் அதிகம் நடந்தது மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெருவிலும் அதைச் சுற்றியும்தான். ஒரு முனையில் 1818-இல் கட்டிமுடித்த புனித ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி ஊதுவத்திப் புகை ஓயாத கருணைத் தேவி கோயில். பின்னால் ராணித் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதற்கப்பால் 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் இருக்கிறது. சுற்றுலாத் துறையினர் இதற்கு ‘நல்லிணக்கத் தெரு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருந்தாலும், தெருவில் நடப்பது அப்படி இல்லை. கருணைத் தேவி கோயில் வாசலில் வத்தி ஏற்றிவிட்டு வருகிற அம்மாள், அப்படியே திரும்பி மாரியம்மன் கோயில் பக்கம் நடந்து போய்ச் செருப்பைக் கழற்றுகிறார். அவருக்கு அது ஒரே சாலையில் அடுத்தடுத்த இரண்டு வேலைகள், அவ்வளவே.

ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவுக்காகச் சூ படகுத்துறைக்குப் போனேன். வெல்ட் கடற்கரைச் சாலையை ஒட்டி, கடலுக்குள் கம்பங்கள் நட்டு அதன்மேல் மரவீடுகள் கட்டி, ஒரே வம்சப் பெயர் கொண்ட ஹொக்கியன் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் குடியிருப்புகள் இவை. சூ, லிம், டான், லீ, இயோ என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு வம்சம்; இருப்பதில் பெரியது சூ. பகலில் நினைவுப்பொருள் கடைகளும் ஐஸ்கிரீமுமாக இருந்த இடம், இரவு பத்து மணிக்குமேல் வேறு இடமாகிவிட்டது. துறையின் நுழைவாயிலில் மேசைகளை வரிசையாகச் சேர்த்துச் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் அன்னாசி, ஆரஞ்சு, ஆமை வடிவில் பிடித்த சிவப்புப் பலகாரங்கள், முழுசாக வாட்டிய பன்றிகள், தேநீர்க் கிண்ணங்கள். மேசைகளின் இருபுறமும் தோகையோடு கரும்பு.

கரும்புக்கு ஒரு கதை சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் ஃபூஜியான் கரையில் எதிரிகள் தாக்கியபோது ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்கள். வெளியே வந்த நாள் புத்தாண்டின் ஒன்பதாம் நாள், விண்ணரசரின் பிறந்த நாள். எனவேதான் ஹொக்கியன்களுக்கு முதல் நாளைவிட இந்த நாள் பெரிது. பொங்கலுக்குக் கரும்பு வைத்துக் கும்பிட்டு மூன்று வாரமே ஆகியிருந்த எனக்கு, இன்னொரு தெய்வத்தின் முன் அதே கரும்பு தோகை மாறாமல் நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒரு மூதாட்டி தங்கநிறக் காகிதங்களை மடித்து மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். விரல்கள் தாமாகவே வேலை செய்தன, கண்கள் பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்கு வத்திகள் உயர்ந்தன. பட்டாசு வெடிக்கத் தொடங்கியபின் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் காகிதக் குவியலுக்குத் தீ வைத்து, கரும்பையும் அதில் இட்டார்கள். வெப்பம் தாங்காமல் கூட்டம் பின்வாங்கியது. அதற்குள் பக்கத்துத் தள்ளுவண்டியில் வியாபாரம் களைகட்டிவிட்டது. வழிபாடு முடிந்த குடும்பங்கள் விடியவிடியச் சாப்பிட உட்கார்ந்தன.

அடுத்த சில நாள்களில் ஊரின் நிறம் மாறியது. சிவப்பு விளக்குகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்க, அவற்றின் கீழே மஞ்சள் துணியும் மாவிலைத் தோரணமும் வந்து சேர்ந்தன. கடைத்தெருவில் பால்குடங்களும் மயிற்பீலிகளும் குவிந்தன. தேர் போகவிருக்கும் சாலைகளின் ஓரங்களில் தேங்காய் வந்து இறங்கத் தொடங்கியது. தேங்காய் என்றால் நம் ஊரில் சூறை விடுவதற்கு வைக்கும் நூற்றியெட்டு அல்ல. லாரியிலிருந்து மணல் கொட்டுவதுபோலக் கொட்டி, பலகை வைத்து அணைகட்டி நிறுத்திய மேடுகள். மேட்டுக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரோ குடும்பத்தின் பெயரோ எழுதிய பதாகை. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை சீனப் பெயர்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அதிகாலையில் தேர்கள் புறப்பட்டன. பினாங்கில் இன்று இரண்டு தேர்கள். பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் புறப்பட்டு, தண்ணீர்மலைச் சாலையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழில் செய்ய வந்த செட்டியார்கள் இந்தத் தெருவில்தான் கிட்டங்கிகள் வைத்திருந்தார்கள். வரவு செலவோடு முருகனையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். 2017 முதல் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்கத்தேரும் வேலைச் சுமந்துகொண்டு ராணித் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து மலைக்கோயிலுக்குப் போகிறது. இரண்டு தேர் தேவையா, எது முதலில் போவது என்பதெல்லாம் உள்ளூரில் சூடான பேச்சு. விருந்துக்குப் போன வீட்டில் பாகப்பிரிவினைக்குத் தீர்ப்புச் சொல்வது எனக்கு வழக்கமில்லை. தேநீர்க் கடையில் இரண்டு தரப்பையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தேர் நெருங்கும் சேதியைத் தவிலும் நாகசுரமும் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் தேங்காய் மேட்டைச் சுற்றிச் சுறுசுறுப்பு. நான் நின்ற இடத்தில் ஒரு சீனக் குடும்பம். தாத்தா முதல் பள்ளிக்கூடப் பையன் வரை எல்லோரும் வெள்ளைச் சட்டை. மேட்டின் உச்சியில் ஊதுவத்திகளைக் கொத்தாகச் செருகிக் கும்பிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். பெரியவர் முதல் தேங்காயை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, தார்ச்சாலையில் ஓங்கி அடித்தார். அதன்பிறகு எண்ண முடியவில்லை. இளைஞர்கள் வரிசையாக நின்று கைக்கு இரண்டாக எடுத்து எறிந்தார்கள். சிலர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள், அதன் காரணம் ஓடு ஒன்று என் முழங்காலில் வந்து பட்டபோது தெரிந்தது. சாலையில் இளநீர் கணுக்கால் நனைய ஓடியது. சில நிமிடங்களில் மேடு தீர்ந்து, சாலை முழுதும் வெள்ளையும் பழுப்புமாகச் சிதறல். உடனே மண்வாரி இயந்திரம் வந்து எல்லாவற்றையும் அள்ளி ஓரம் கட்டியது. அந்த வழியில் தேர் வந்தது. பெரியவர் அர்ச்சனைத் தட்டை மேலே நீட்டினார். குருக்கள் வாங்கி, தீபம் காட்டி, திருநீறும் பூவுமாகத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தட்டை அவர் வாங்கிக்கொண்ட முறையில் புதுமையோ தயக்கமோ கொஞ்சமும் இல்லை.

சில கிலோமீட்டர் தூரத்தைத் தேர் கடக்க நாள் முழுதும் ஆகிறது, ஏனென்றால் தட்டுகள் தீர்வதே இல்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். பெயர்தான் தண்ணீர்ப் பந்தல். கிடைப்பது புளியோதரை, எலுமிச்சைச் சாதம், கேசரி, மோர், ரோஜா நிறச் சர்பத்து. இத்தனை நாள் காசு கொடுத்துத் தெருவில் சாப்பிட்ட ஊர், இரண்டு நாளைக்குக் காசே வாங்காமல் அதே தெருவில் போடுகிறது. வேண்டாம் என்று நகர்ந்தால், “பையெல்லாம் தூக்கிட்டு நடக்குறீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க தம்பி” என்று ஓர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி அலறுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. முருகன் பாட்டும் குத்துப்பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எந்தப் பந்தலில் எது ஒலிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. பக்தியைக் குறை சொல்லவில்லை. காதுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறது.

தைப்பூசத்தன்று தாவரவியல் பூங்காவுக்குப் போகிற தண்ணீர்மலைச் சாலையே நடப்பவர்களுக்கு விடப்பட்டிருந்தது. அலகு குத்திக்கொண்டவர்கள், முதுகில் கொக்கிகளில் எலுமிச்சை தொங்கவிட்டவர்கள், மயிற்காவடி, பால்குடம் ஏந்திய பெண்கள், கைக்குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் சுமந்த தம்பதிகள். கேமராவோடு முகத்துக்கு முன்னால் போய் நிற்கும் வெளிநாட்டவர்களை ஒருவரும் விரட்டவில்லை, ஆனால் காவடிக்குக் கூடவரும் நண்பர்கள் நாசூக்காக ஒதுக்கிவிட்டார்கள். மலைக்கோயிலான அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள், பத்துமலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2012-இல் குடமுழுக்கு நடந்த இன்றைய கோயில் மலையின் உச்சியில் இருக்கிறது. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, பால்குடத்தோடு வெறுங்காலில் ஏறிய எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாள், “வேல் வேல்னு சொல்லிக்கிட்டே ஏறுங்க, கால் வலி தெரியாது” என்று சொல்லிக் கடந்து போனார். சொல்லிப் பார்த்தேன். வலி தெரியத்தான் செய்தது, ஆனாலும் மேலே போய்விட்டேன்.

மறுநாள் சப் கோ மே. மணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் எறிவது அன்றைய வழக்கம். எஸ்பிளனேட் கடற்கரையில் இப்போது அது ஓரளவுக்கு விளையாட்டும் கேளிக்கையுமாக நடக்கிறது. அதே மாலையில்தான் வெள்ளித்தேரும் மலையடிவாரத்திலிருந்து ஊருக்குள் திரும்பக் கிளம்புகிறது. இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் கடற்கரையை முதலில் முடித்துக்கொள்ளலாம். தேர் அவசரப்படாது, நள்ளிரவு தாண்டியும் ஏதாவது ஒரு சாலையில் தட்டுகள் வாங்கிக்கொண்டு நிற்கும்.

திட்டமிடுபவர்களுக்கு ஒரு தகவல். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதி, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. 2027-இல் தைப்பூசம் ஜனவரி 22, புத்தாண்டு பிப்ரவரி 6. இரண்டு ஆண்டுகளிலும் பூசம் முந்திக்கொள்கிறது. இரண்டையும் பார்க்க நினைத்தால் நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்க வேண்டிவரும். 2028-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 26-இல் வருவதால், பிப்ரவரியில் வரும் தைப்பூசம் மறுபடியும் அதே வளர்பிறைக்குள் அடங்கும். அந்த ஆண்டுக்கு விடுதியை மட்டும் சில மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் பினாங்குக்காரர்களும் தைப்பூசத்துக்கு வரும் பக்தர்களும் சேர்ந்தால் லவ் லேனில் ஒரு கட்டில்கூட மிச்சமிருக்காது.